மாரியில் கிழக்குக் கரையோரம்: கேம்பர் வானா, சாரதியோடு வாடகை வானா, ஆட்டோவா?

ஐப்பசி பிறந்தால் லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது. "மார்கழி லீவுக்கு வாறம். கேம்பர் வான் ஒன்று எடுத்து, வாகரையில இருந்து பொத்துவில் வரைக்கும் கடற்கரையாலேயே போகலாமா?" கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளும் இப்போது இதையே கேட்கிறார்கள். வானுக்குள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் குளிர்சாதனப் பெட்டி. காலையில் கதவைத் திறந்தால் கடல். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் பெரும்பாலும் சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில் எடுத்தவை.

"மார்கழியில் வராதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கலாம். பள்ளிக்கூட விடுமுறையும் கம்பெனி லீவும் மார்கழியில்தானே சேர்ந்து கிடைக்கிறது? ஆகவே வருகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு, எதில் வருவது, எந்தப் பக்கத்தால் வருவது, இரவில் எங்கே நிற்பது என்று பார்ப்போம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில், இந்தக் காலத்தில், வண்டியைத் தெரிவு செய்வதைவிட இரவு நிற்கும் இடத்தைத் தெரிவு செய்வதுதான் பெரிய வேலை. கேம்பர் வான் பகலில் அருமையான பொருள். இரவுக்கு அதற்கு ஒரு வீட்டு வளவு வேண்டும்.

முதலில் மழை. இந்தக் கரையின் மட்டக்களப்பு, அம்பாறை என்ற இரண்டு மாவட்டத்துக்கும் வருடத்து மழையில் பெரும்பங்கு நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை விழுகிறது. ஆனால் மூன்று மாதமும் ஒரே மாதிரி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானம் வரை வெயில் எரிக்கும், பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி இந்தப் பக்கம் திரும்புவதும் அப்போதுதான். 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை வைத்துத்தான் இங்கே பெரியவர்கள் இன்றைக்கும் காற்றை அளக்கிறார்கள். மார்கழியில் வாடை நிலைகொண்டதும் இடி குறைந்துவிடும். பதிலுக்கு நாள்கணக்கில் விடாத மழை, ஓயாத காற்று, வள்ளம் இறக்க முடியாத கடல். கார்த்திகையில் ஆபத்து திடீரென்று வரும். மார்கழியில் ஈரமும் சலிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைத் தின்னும். தைப்பொங்கல் கழிந்தால் மெல்ல வெளிக்கும். அதற்கும் உத்தரவாதம் இல்லை: இரண்டு மாவட்டத்தையும் மூழ்கடித்த பெருவெள்ளம் ஒன்று 2011 ஜனவரியில்தான் வந்தது.

அடுத்தது தரை. வெளியில் இருந்து வருபவர்கள் இதைத்தான் அதிகம் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய மணல் திட்டு. அந்தத் திட்டின் முதுகில்தான் கல்லடியிலிருந்து தெற்கே ஏ4 வீதி ஓடுகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரு ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை மரம் நிற்கும், இரண்டு பக்கமும் கடை நிற்கும், கடற்கரை எங்கே என்று கேட்டால் ஒழுங்கைக்குள் கை காட்டுவார்கள். ஆள் அரவமில்லாத கரையில் நிறுத்தித் தூங்குவது இந்த நீளத்தில் நடக்காத காரியம்.

ஆளில்லாத கரை இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது. வடக்கே, பாசிக்குடா கழிந்ததும் காயாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என்று வெருகல் வரைக்கும் ஏ15 வீதியோடு போகிற துண்டு ஒன்று. தெற்கே, தம்பிலுவில், திருக்கோவில், விநாயகபுரம் தாண்டி சங்கமன்கண்டி, கோமாரி, பொத்துவில், அப்புறம் அறுகம்பை, பாணமை, உகந்தை வரைக்கும் மற்றது. சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்குக் கோடி. மட்டக்களப்பு நகரிலிருந்து வாகரை 65 கிலோமீற்றர் அளவில் வரும், பொத்துவில் 110 அளவில். இரண்டையும் சேர்த்தாலும் நல்ல வெயில் நாளில் ஒரே நாளில் ஓடி முடிக்கக்கூடிய தூரம். கூரையும் கடையும் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடவேண்டிய நாடுகளில் வானுக்குள் வீடு கட்டிக்கொண்டு போவதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. இங்கே பாணமைக்குத் தெற்கே தவிர, வேறெங்கே நின்றாலும் சோற்றுக்கடை பக்கத்தில்தான். "தங்க இடம் கிடைக்காது, அதனால் கேம்பர் வான்" என்ற காரணம் இந்தக் கரையில் செல்லாது. வேறு காரணம் இருந்தால் எடுங்கள்.

வேறு காரணம் உண்டு. கடல் கொந்தளிக்கிற நாளில் கோமாரிப் பக்கம் வீதியோரம் வானை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பில் தேத்தண்ணி வைத்து, கண்ணாடியால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது கெஸ்ட்ஹவுஸ் அறையில் கிடைக்காது. மழை விட்டால் இறங்கி நடக்கலாம், திரும்பப் பிடித்தால் ஓடி வந்து ஏறலாம். மாற்றுடுப்பு கையெட்டும் தூரத்தில் இருக்கும். சின்னப்பிள்ளை தூங்க வேண்டுமென்றால் தூங்கும். மாரிக் கடல் பார்க்க வருகிறவருக்கு இது பெரிய சுகம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எந்த வான் என்பது முக்கியம். இங்கே வாடகைக்குக் கிடைப்பவற்றில் ஹையேஸ், கரவன் மாதிரி டீசல் வான்களை உள்ளே மாற்றிக் கட்டியவையும், சுசுகி எவ்ரி மாதிரிச் சின்ன வான்களும் உண்டு. சின்ன வான் வெயில் காலத்துக்குச் சரி. பகல் முழுக்க வெளியே இருந்துவிட்டு இரவில் மட்டும் புகுந்து படுக்கலாம். அடைமழையில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார முடியாமல் பகலும் இரவும் அதற்குள்ளேயே கிடந்தால் கல்யாணமே ஆட்டம் காணும். கதவு பூட்டியபடி நிமிர்ந்து இருந்து சமைக்க முடிகிற வானாக இல்லாவிட்டால் மாரியில் எடுக்க வேண்டாம். கூரையைத் தூக்கி கேன்வஸ் விரிக்கிற மாதிரியும் வேண்டாம். வாடை அதைப் பாய் மாதிரிப் பிடித்து இரவெல்லாம் அடிக்கும். கார்த்திகையில் இன்னொரு காரணமும் சேரும்: மின்னலுக்கு முழு இரும்புக் கூடு பாதுகாப்பு, துணிக்கூரையின் கீழே அது இல்லை.

சூரியத் தகடு பொருத்திய வான் என்று சொல்லிக் கூடக் காசு கேட்பார்கள். நாலு நாள் சூரியனே தெரியாத காலத்தில் அது கூரையில் பாரம். வண்டி ஓடும்போது என்ஜினிலிருந்து இரண்டாவது பற்றரி சார்ஜ் ஆகுமா என்று கேளுங்கள். அதுதான் வேலைக்கு ஆகும். காஸ் அடுப்புக்கு 2.3 கிலோ சிலிண்டர் போதும். ஆனால் மழை அடிக்கிறது என்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு அடுப்பு எரிக்கக் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றுக்கு மறுபக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கியே வைத்திருக்க வேண்டும். அது இரவுக்கும் பொருந்தும்: மூன்று பேர் பூட்டிய வானுக்குள் மூச்சு விட்டால் விடியும்போது கண்ணாடி, கூரை, போர்வை எல்லாம் ஈரம். ஒரு நாள் ஈரம் காயும். தொடர்ந்து மழையென்றால் மெத்தை மணக்கத் தொடங்கும். அதற்குள் மீன் பொரித்தீர்களோ, அது கொழும்பு வரைக்கும் கூடவே வரும்.

இன்னொன்றை வாடகைக்குக் கொடுப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். இங்கே ஓடுகிற ஜப்பான் வான்களில் பக்கக் கதவு பெரும்பாலும் இடது பக்கம் மட்டும்தான். நாங்கள் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வாகரையிலிருந்து பொத்துவிலை நோக்கி, அதாவது தெற்கே போனால் இடப்பக்கம் கடல். வீதியோரம் நிறுத்திக் கதவைத் திறந்தால் வடகிழக்கிலிருந்து வருகிற மழை நேரே கட்டிலில் விழும். பொத்துவிலிலிருந்து வடக்கே வந்தால் கதவு கடலுக்கு எதிர்ப்பக்கம், நிலப்பக்கம் திரும்பிவிடும். வான் உடம்பே மறைப்பாக நிற்கும். கேட்கச் சின்ன விஷயம். மழைக்குள் ஒரு நாளைக்கு இருபது தரம் ஏறி இறங்குகிறவருக்குச் சின்னது இல்லை. காற்றுக்கு எதிரே ஓடுவதால் டீசல் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

சரி, இரவு. "கடலைப் பார்த்தபடி படுக்க வேண்டும்" என்கிறவர்கள் தேடிப் போவது தட்டையான, இறுகின, அகலமான மணல். அப்படியான இடம் இந்தக் கரையில் பெரும்பாலும் ஆற்றுவாய்தான். வாவிகளும் களப்புகளும் கடலில் விழுகிற வாய்களை வருடத்தில் பல மாதம் மணல் மூடி வைத்திருக்கும். பாலமீன்மடுவில் வெளிச்ச வீட்டுக்கு அப்பால் உள்ள முகத்துவாரம், கல்லாறு, திருக்கோவில் தொடக்கம் கோமாரி வரைக்கும் உள்ள சின்னச் சின்னக் களப்பு வாய்கள் எல்லாம் இந்த வகை. மழை ஏறி, வயலும் தாழ்ந்த ஊர்களும் மூழ்கத் தொடங்கினால் ஆற்றுவாய் வெட்டச் சொல்லிக் கோரிக்கை எழும். பெக்கோ இயந்திரம் வந்து ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் மணலை வெட்டும். மிச்சத்தை வாவித் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். சில மணித்தியாலத்தில் அந்த வாய்க்கால் ஆறாகிவிடும், நேற்றுப் பிள்ளைகள் பந்து விளையாடிய திடல் கடலுக்குள் போயிருக்கும். சில இடத்தில் யாரும் வெட்டாமலே இரவோடு இரவாக உடைத்துக்கொண்டு ஓடும். ஆகவே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தேங்கிய தண்ணீர், நடுவில் அழகான மணல் என்று கண்டால் அங்கே வானைக் கொண்டுபோகக் கூடாது. பகலில் நடந்து போய்ப் பாருங்கள், போதும்.

தென்னந்தோப்பு அடுத்த ஆசை. காற்றை மறைக்கும் என்பது உண்மை, குலை விழும் என்பதும் உண்மை. 1978 சூறாவளியில் இந்தக் கரைத் தென்னைகள் சாய்ந்த கணக்கைக் கேட்டவர்கள் மாரியில் மரத்தடியில் வண்டி விட மாட்டார்கள். மணலுக்குள் இறங்குவதும் அப்படித்தான். இந்த வான்களுக்குப் பின்சில்லுதான் இழுக்கும். பின்னுக்குக் கட்டிலும் தண்ணீர்த் தாங்கியும் ஏற்றிய பாரத்தோடு ஈர மணலில் ஒரு தரம் சுழன்றால் அச்சு வரைக்கும் இறங்கும். டயர்க் காற்றைக் குறைத்து, தென்னைமட்டை அடுக்கி எடுக்கலாம். கரைவலைக் காலமென்றால் மீனவர் வாடியில் இருபது பேர் இருப்பார்கள், ஏலேலோ போட்டுத் தள்ளிவிடுவார்கள். மாரியில் வாடி வெறிச்சோடிக் கிடக்கும். போதாததற்கு, கடலோரத்தில் தனியே ஒரு வான் இரவில் நின்றால் கடற்படையோ பொலிஸோ வந்து விசாரிப்பது இங்கே வழக்கம். மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஆனால் நடுச்சாமம் கதவில் தட்டினால் பிள்ளைகள் பயப்படும்.

இப்போது சாரதியோடு வாடகை வான். டொல்பின், கேடிஎச் என்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மட்டக்களப்பு அல்லது கல்முனைச் சாரதியாகப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கிற காசு வண்டி ஓட்டுவதற்கு மட்டும் இல்லை. கிட்டங்கித் தாம்போதியில் இப்போது எத்தனை அடி தண்ணீர், உன்னிச்சைக் குளத்தில் கதவு திறந்தாயிற்றா, மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மேலால் தண்ணீர் போகிறதா என்பதெல்லாம் அவருக்கு மற்றச் சாரதிமார் போனில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மாரியில் இந்தத் தகவலுக்கு விலை இல்லை. வெளியூரிலிருந்து வந்து தானே ஓட்டுகிறவருக்கு வீதி மேலே ஓடுகிற தண்ணீர் ஆழமில்லாத மாதிரித் தெரியும். ஓடுகிற தண்ணீர் 30 சென்ரிமீற்றர் இருந்தால் சின்ன வாகனத்தை மிதக்க வைக்கும், 60 சென்ரிமீற்றர் ஜீப்பையும் இழுக்கும். ஹையேஸில் என்ஜின் முன் ஆசனத்துக்குக் கீழே தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் இழுத்தால் அதோடு சரி. 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு–அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துப்போய், பிள்ளைகள் பலர் இறந்தார்கள். வானைவிட எவ்வளவோ உயரமும் பாரமும் உள்ள வண்டி அது. எந்தத் தெரிவானாலும் இந்த ஒன்றில் பேரம் இல்லை: வீதியின் கரை தெரியாவிட்டால் திரும்புவது.

சாரதி வானின் குறை வேறு வகை. நீங்கள் ரசிக்கிற இடம் அவருக்கு வேலை. காயாங்கேணியில் நிறுத்தச் சொன்னால் "அங்க ஒன்றுமில்லையே, பாசிக்குடாவுக்குப் போவம்" என்பார். 2019 இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைக் கரை அது; மாரியில் கலங்கிய கடலுக்குள் பாறை தெரியாதுதான், ஆனாலும் அலை அங்கே உடைகிற விதமே தனி. பின்னேரம் ஆனதும் அவருக்கு அவசரம் பிடிக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. மாலை 6 மணிக்கு இருட்டிவிடும். பெரும்போக வேளாண்மை நிற்கிற காலம் என்பதால் மாடுகளுக்கு வயலில் இடமில்லை. காய்ந்த இடம் தார்வீதிதான் என்று கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்துக் கிடக்கும். மழைக்குள் கறுத்த மாடு வெளிச்சத்தில் தெரிவதற்கு முன்னமே இடித்துவிடும். தெற்கே லகுகல, பாணமைப் பக்கம் மாட்டுக்குப் பதில் யானை.

செலவைப் பார்த்தால் இரண்டுக்கும் நினைக்கிற அளவு வித்தியாசம் வராது. கேம்பர் வானுக்கு நாள் வாடகை கூட, அறைச் செலவு மிச்சம் என்பது கணக்கு. மாரியில் அந்த மிச்சம் நிற்பதில்லை. பாதி இரவுகளில் மழைக்குத் தோற்று அறை எடுப்பீர்கள், அப்போது இரண்டுக்கும் கட்டுகிறீர்கள். சாரதி வானில் கிலோமீற்றர்க் கணக்கும், சாரதிக்குச் சாப்பாடும் படுக்கையும் முன்னமே தெரியும். மாரியில் அறுகம்பையும் பாசிக்குடாவும் உறங்குகிற காலம் என்பதால் அறை வாடகையில் பேரம் பேச நிறைய இடமுண்டு. ஆனால் அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் முடிந்ததும் பல விடுதிகள் பூட்டிக் கிடக்கும். போன் பண்ணிக் கேட்காமல் போய் நிற்கக் கூடாது. கேம்பர் வான் ஒப்பந்தத்தில் வெள்ளச் சேதத்துக்கும் கடற்கரை மணலில் இறக்கியதற்கும் யார் பொறுப்பு என்ற வரியையும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது, உள்ளூர் அங்கீகாரம் வேண்டும்.

ஆட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு தீவைச் சுற்றுகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்துவிட்டு நம்முடைய பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள். வெயில் காலத்தில் நல்ல விளையாட்டு. மாரியில் கரையோரத்துக்கு வேண்டாம், இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. பக்கத்துச் சீலை மழையை மறைக்காது. பனிச்சங்கேணிப் பாலத்தில் குறுக்கே அடிக்கிற காற்று மூன்று சில்லு வண்டியை ஆட்டும். தனியார் பஸ் முந்தும்போது எறிகிற தண்ணீரில் முன்கண்ணாடி ஒரு நிமிடம் குருடு. ஆட்டோவுக்கு ஒரு இடத்தில்தான் மற்றதெல்லாவற்றையும் விட மதிப்பு: வாவியைக் கடந்து அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் போகிற, இங்கே 'பாதை' என்று சொல்கிற மிதவைப் படகுகளில் அது மோட்டார் சைக்கிள்களோடு ஏறிவிடும். காற்றுக் குறைந்த ஒரு காலையில், உள்ளூர் ஆட்டோக்காரரை அரை நாளைக்குப் பேசிக்கொண்டு அப்படிப் போய், மண்முனைப் பாலத்தால் திரும்பி வாருங்கள். காற்று கூடினால் பாதை ஓடாது.

பஸ், ரயில் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரயில் மட்டக்களப்போடு முடிகிறது. அம்பாறைக் கரையோரத்துக்குத் தண்டவாளமே இல்லை. வெள்ளம் ஏறினால் முதலில் நிற்பதும் அதுதான். பஸ் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் தாராளமாக ஓடுகிறது. தனி ஆளாக, ஒரு பையோடு வருகிறவருக்கு அதைவிட நல்லது கிடையாது. கடலைப் பார்க்க வேண்டிய இடத்தில் இறங்கலாம், நனைந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறலாம்.

இங்கே எந்த வழியால் வந்து சேர்வது என்பதும் முடிவை மாற்றும். கொழும்பிலிருந்து வழக்கமான வழி ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி. மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிக்குக் கிட்ட கல்லெல்லப் பகுதியில் வீதி தண்ணீருக்குள் போய்விடும். மகியங்கனை, பதுளை வழிகள் மலை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலைநாட்டு வீதிகள் எத்தனை இடத்தில் மண்சரிவால் அறுந்தன என்று நாடே பார்த்தது. எனக்குப் பிடித்தது சுற்றுவழி: தெற்கு அதிவேக வீதியால் மத்தளை வரை வந்து, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல ஊடாகப் பொத்துவிலில் இறங்குவது. லகுகலையைப் பின்னேரம் 4 மணிக்குள் தாண்டிவிட வேண்டும், யானைக்காக. இதால் வந்தால் பயணம் தானாகவே தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அமைந்துவிடும். கதவும் நிலப்பக்கம் வந்துவிடும். வாகரைக்கு மேலே வெருகல் ஆற்றிலும் மகாவலித் தண்ணீர்தான் வருகிறது. அந்தத் துண்டைக் கடைசிக்கு வைத்தால், வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் வெட்டிவிட்டு மட்டக்களப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

உகந்தை முருகனைக் கும்பிட வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். பாணமையிலிருந்து உகந்தை ஏறக்குறைய 15 கிலோமீற்றர், கிறவல் வீதி. ஆடித் திருவிழாக் காலத்தில் பஸ்ஸே போகிற வழிதான். அடைமழையில் கேம்பர் வானைக் கொண்டுபோவது வீண் வீம்பு. பாணமையில் கேட்டு, அந்தக் காலையில் போய் வந்தவர் யாராவது இருந்தால், உயரமான வண்டி பேசிப் போங்கள். இல்லாவிட்டால் ஆடியில் வரட்டும்.

அப்படியானால் யாருக்கு எது? அம்மா அப்பாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் சாரதியோடு வான் எடுத்து, இரண்டே இடத்தில் அறை போடுங்கள்: தெற்குத் துண்டுக்குப் பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ ஒன்று, வடக்குத் துண்டுக்குக் கல்லடியிலோ பாசிக்குடாவிலோ ஒன்று. தினமும் பெட்டி கட்டி அவிழ்க்கிற வேலை மழையில் பெரிய தண்டனை. பெரும்பாலான கேம்பர் வான்களில் கழிவறை இல்லை என்பதை மட்டும் யோசித்தாலே வயதானவர்கள் விஷயத்தில் முடிவு தெரிந்துவிடும். பெற்றோல் செட்டுகளும் கோயில், பள்ளிவாசல் வாசல்களும் பகலில் உதவும், இரவு 2 மணி மழையில் உதவாது.

இளசுகள் இரண்டு பேர், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பிள்ளையோடு மூன்று பேர், நனைவதற்கு அஞ்சாதவர்கள், நாள் கையில் உள்ளவர்கள் என்றால் பெரிய கேம்பர் வான் எடுக்கலாம். ஒரு நிபந்தனை: இரவுக்கு வளவு. கெஸ்ட்ஹவுஸ்காரரிடம் அறை வேண்டாம், வளவுக்குள் வானை விட்டு, கழிவறையும் குளியலறையும் பாவிக்க எவ்வளவு என்று கேளுங்கள். ஆளில்லாத காலம், ஒத்துக்கொள்வார்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. என்ன, வானுக்குள் சமைக்க விட மாட்டார்கள், "வீடு இருக்க வண்டிக்குள்ள தின்னுறதோ" என்று இடியப்பமும் மீன் ஆணமும் வந்துவிடும். வளவில் வானின் மூஞ்சியை வடகிழக்கே வைத்து நிறுத்துங்கள், பின்கதவைத் தூக்கினால் அதுவே தாழ்வாரம். மதிலை ஒட்டி விடலாம், தென்னைக்குக் கீழே வேண்டாம். மழை ஓயாமல் பெய்தால் திண்ணை இருக்கிறது, அறையும் இருக்கிறது.

திகதியை நகர்த்த முடிந்தவர்கள் நத்தாரிலிருந்து பொங்கலுக்குப் பின்னுக்குத் தள்ளுங்கள். அது முடியாவிட்டால் வண்டியை நாள்கணக்கில் நீட்டக்கூடிய மாதிரிப் பேசி, நடுவில் இரண்டு நாளை வெறுமையாக விடுங்கள். புறப்படுகிற காலையில் வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பைப் பார்க்க வேண்டும். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குக் கேம்பர் வானும் வளவை விட்டு இறங்காது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990; இரண்டையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், ஈரத்தில் முதலில் சாகிறது போன்தான்.